கிளட்ச் கவர் ஆயில் கசிவு: பேக்கிங்கா, பேஸ்ட்டா?

அப்பா 2003-இல் வாங்கிய 100 சிசி வண்டியைத்தான் நான் இன்னும் ஓட்டுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளட்ச் கவரின் (எஞ்சின் பக்கவாட்டில் கிளட்ச்சை மூடியிருக்கிற அலுமினிய மூடி) அடியில் ஆயில் கசிய ஆரம்பித்தது. காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. இதற்கு மெக்கானிக்குகள் சொல்வது இரண்டு வழி: கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற மெல்லிய தகடான பேக்கிங்கைப் புதுசாக வாங்கிப் போடுவது, இல்லையென்றால் சிலிகான் பேஸ்ட் தடவி மூடுவது. இரண்டையும் இந்த ஒரே வண்டியில் பார்த்துவிட்டேன். என் ஓட்டு பேக்கிங்குக்குத்தான்.

எதைச் செய்வதாக இருந்தாலும், கசிவு கவரிலிருந்துதானா என்று முதலில் பாருங்கள். டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ஓரமெல்லாம் முகப்பவுடர் தூவி, நிறுத்திய நிலையிலேயே பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. கிக்கர் ஷாஃப்ட் (கிக்கரை மிதித்தால் சுற்றும் தண்டு) வெளியே வருகிற இடத்தில் இருக்கும் ரப்பர் சீல் போயிருந்தாலும் ஆயில் கவர் விளிம்பில்தான் வழிந்து நிற்கும், அதற்கு சீலை மாற்றினால் போதும். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற ப்ரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் மீறிக் கசியும்.

பேஸ்ட்டில் நல்லது இல்லாமல் இல்லை. எந்த ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும், பேக்கிங்கே வராத பழைய மாடலுக்கும் உதவும், உலோகத்தில் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களை அடைத்துவிடும். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதியைச் சேர்க்க கம்பெனியிலேயே இந்த மாதிரி பேஸ்ட் போடுகிற எஞ்சின்களும் உண்டு. ஆனால் முழுசாக இறுக ஒரு நாளாவது விட வேண்டும், தடவிய அரை மணியில் ஆயில் ஊற்றி ஓட்டிப் போனால் பிரயோஜனமில்லை.

சரி, எனக்கு விஷயத்தை முடித்து வைத்தது வேறு. கிளட்ச் கவர் ஒரு முறை மூடினால் அப்படியே கிடக்கிற கவர் இல்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் திறக்க வேண்டும், கிக்கர் ஸ்பிரிங் உடைந்தால் திறக்க வேண்டும், என் வண்டியில் ஆயிலை வடிகட்டுகிற வலையான ஆயில் ஜாலியைக் கழுவவும் அதைத்தான் திறக்க வேண்டும். முதல் தடவை ஒரு கடையில் பேக்கிங்கே இல்லாமல் வெறும் பேஸ்ட் போட்டுக் கொடுத்தார்கள். எட்டு மாதம் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. போல்ட் எல்லாம் கழற்றியும் கவர் அசையவில்லை. இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டித்தான் பிரித்தார்கள், அலுமினிய முகத்தில் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. உள்ளே பார்த்தால், பிதுங்கிய பேஸ்ட் ரப்பர் நூல் மாதிரி பிய்ந்து போய் ஜாலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாலி அடைத்தால் பம்புக்கு ஆயில் போகாது, பம்ப் இழுக்காவிட்டால் எஞ்சின் உச்சியில், ஹெட்டில், வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் ஆயில் இல்லாமல் காயும். வெளியே ஒழுகுகிற ஆயிலை நிறுத்தப் போய் உள்ளே ஓடுகிற ஆயிலை நிறுத்துகிற வேலை இது.

இன்னொன்று, பேக்கிங்கின் கனமும் எஞ்சின் கணக்கில் சேர்ந்ததுதான். அதை எடுத்துவிட்டால் கவர் அந்த அளவு உள்ளே போகும், சில வண்டிகளில் கிக்கர் ஷாஃப்ட் சுற்றாமல் இறுகிப் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் முறை நானே உட்கார்ந்தேன். போல்ட்டுகள் ஒரே நீளமில்லை, அதனால் அட்டையில் கவர் படம் வரைந்து, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். பழைய பேஸ்ட்டைத் தின்னரில் ஊறவைத்து பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட ஒரு மணி நேரம் ஆனது. இங்கே அவசரப்பட்டால் புது பேக்கிங்கும் கசியும். வெட்டு விழுந்த இடத்தில் மட்டும் விரல் நுனியில் தொட்டு பேஸ்ட், மற்றபடி கவர் பக்கம் லேசாக கிரீஸ் தடவி பேக்கிங்கை வைத்தேன். கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கிற சின்னக் குழல்களான டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 8-ஆம் நம்பர் டி ஸ்பேனரால் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கினேன். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். கசியுமோ என்று பயந்து மேலும் திருகினால் மரை போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான்.

சென்னையில் பேக்கிங் தேடுகிறவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப் பாருங்கள், பழைய மாடல் என்றால் புதுப்பேட்டை. அங்கேயும் இல்லையென்றால் பேக்கிங் ஷீட் வாங்கி, கவர் மேல் விரித்து, விளிம்பைச் சுற்றிச் சின்ன சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டிக்கொள்ளலாம். எஞ்சின் பக்கத்து முகத்தில் வைத்துத் தட்ட வேண்டாம், துணுக்கு உள்ளே விழும். நான் சொன்னதெல்லாம் கிளட்ச் கவருக்குத்தான். பேக்கிங்குக்குப் பதில் ரப்பர் வளையம் (ஓ ரிங்) வைத்த ஹெட் கவரை நான் இரண்டே தடவைதான் கழற்றியிருக்கிறேன், இரண்டு தடவையும் புது ரிங் போட்டதும் கசிவு நின்றது, அதற்கு மேல் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஜாலி கழுவ மறுபடி கவரைத் திறந்தேன். ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, கையோடு வந்துவிட்டது. பேக்கிங் கிழியாமல் முழுசாக எஞ்சின் பக்கமே ஒட்டியிருந்தது. இருந்தாலும் அதை எடுத்துவிட்டுப் புதுசுதான் போட்டேன்.