1974-இன் இத்தாலிய ஃபிரேமுக்கு எந்தப் பாகங்கள்? மூன்று வழிகளின் ஒப்பீடு

கொலம்பஸ் நிறுவனத்தின் எஸ்.எல். என்ற எஃகுக் குழாய்களைக் கொண்டு 1974 வாக்கில் கட்டப்பட்ட இத்தாலியப் பந்தய சைக்கிள் ஒன்றின் ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும் கைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மீண்டும் ஓடும் வண்டியாக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு பாகத்திலும் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டுக்குறியைப் பார்த்து அந்த ஆண்டுக்கு உரியதை மட்டும் பூட்டுவது முதல் வழி. ஆண்டுக் கணக்கில் அவ்வளவு கறாராக இராமல், அன்றைய சவாரிக்காரர் ஒருவர் இயல்பாக வாங்கிப் பூட்டியிருக்கக்கூடிய எதையும் ஏற்பது இரண்டாவது. பழைய ஃபிரேமில் இன்று தயாராகும் பாகங்களைப் பூட்டுவது மூன்றாவது. இவற்றை அழகையும் கிடைப்பருமையையும் வைத்து எடைபோடுவதே வழக்கம். சாலையில் எது உடையும் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது.

முதல் வழியில் செல்பவருக்கு, பாகங்கள் செய்யும் இத்தாலிய நிறுவனமான கம்பன்யோலோவே துணை செய்திருக்கிறது. அதன் நுவோவோ ரெக்கார்ட் வரிசைப் பின் கியர் மாற்றியின் உடலில் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லின் சுருக்கத்தை அடுத்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்; ஹப்பின் பூட்டு நட்டிலும் அவ்வாறே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும்; எழுபதுகளின் கிராங்குகளில் வைர வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை இலக்கம் ஆண்டைச் சொல்லிவிடும். தயாரான பாகம் உடனே வண்டியில் ஏறிவிடாது என்பதால், 73 என்று பொறித்த கியர் மாற்றி 1974 ஃபிரேமில் இருப்பது பிழையன்று. 78 என்று இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. இவ்வளவு தெளிவாகச் சரிபார்க்க முடிவதே இந்த வழியின் கவர்ச்சி என்று கருதுகிறேன், ஏனெனில் இதில் ரசனைக்கு இடம் குறைவு, தேடலுக்கே இடம் மிகுதி.

ஆனால் இந்த வழியில் ஒரு பொறியும் இருக்கிறது. தூய்மை என்றால் முழு வண்டியும் கம்பன்யோலோ என்று எண்ணிப் பலர் வழுக்குகிறார்கள். அந்நிறுவனம் தன் பக்க இழுவை பிரேக்கை அறுபதுகளின் இறுதியில்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது; அதற்கு முந்தைய இத்தாலியப் பந்தய வண்டிகள் பலவற்றில் இருந்தவை யுனிவர்சல் என்ற வேறொரு நிறுவனத்தின் பிரேக்குகளே. ஆகவே 1965-ஆம் ஆண்டு ஃபிரேமில் கம்பன்யோலோ பிரேக்கைப் பூட்டியவர், எவ்வளவு செலவழித்திருந்தாலும், காலப்பிழையைத்தான் பூட்டியிருக்கிறார். நம் 1974 வண்டியில் அந்த பிரேக் பொருந்தும். எனினும் செயினும் ஃபிரீவீலும் ரெஜினாவாகவும், ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் சினெல்லியாகவும், ரிம் நீசி அல்லது ஃபியாம்மே போன்ற வேறொரு நிறுவனத்தின் சரக்காகவும் இருப்பதே அன்றைய நடைமுறை. கலப்புதான் அக்காலத்தின் தூய்மை என்பதை ஏற்றுக்கொண்டவுடன், முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் இடையிலான சுவர் பாதி இடிந்துவிடுகிறது.

இரண்டாம் வழியின் வலிமை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பந்தய சைக்கிள் என்பது ஓடி ஓடித் தேய்ந்த பொருள். அதன் முதல் உரிமையாளர் தேய்ந்த ஃபிரீவீலை அடுத்த ஆண்டே கழற்றி எறிந்திருப்பார். உடைந்த பெடலுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் பூட்டியிருப்பார். எனவே மூன்று நான்கு ஆண்டுகள் முன்பின்னாக உள்ள பாகங்களை ஏற்பது வரலாற்றுக்கு மாறானதன்று. நடைமுறையிலும் இது பெரிய விடுதலை: ஆண்டு பொருந்தாத காரணத்தால் தூய்மைவாதிகள் ஒதுக்கிய நல்ல ஹப்புகளும் சீட் கம்பங்களும் இவர்களுக்குக் கிடைக்கின்றன. ஹப்புக்குள் இருப்பவை தனித்தனிக் குண்டுகள்; கம்பன்யோலோ ரெக்கார்ட் ஹப்பில் முன்பக்கம் 7/32 அங்குலம், பின்பக்கம் 1/4 அங்குலம். குண்டுகள் உருளும் கப்பும் கோனும் குழி விழாமல் இருந்தால் புதுக் குண்டும் கிரீசும் போதும், சக்கரம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மூன்றாம் வழி எளிதாகத் தோன்றுவது பட்டியலில் மட்டும்தான். ஐந்து வேக ஃபிரீவீலுக்கான பின்கவையின் இடைவெளி 120 மி.மீ.; இன்றைய சாலை ஹப்புகளில் பரவலாக உள்ள அளவு 130 மி.மீ. அல்லது அதற்கும் மேல். எஃகு ஃபிரேமைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்து விரிக்க முடியும். ஆனால் அதன் பிறகு சக்கர அச்சு அமரும் இரண்டு டிராப்அவுட்டுகளையும் மீண்டும் இணையாக்க வேண்டும், தவறினால் அச்சு வளையத் தொடங்கும். கிராங்க் அச்சு அமரும் கூட்டின் அகலம் இத்தாலிய அளவில் 70 மி.மீ., மரையின் விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 சுற்று. பரவலாகக் கிடைக்கும் ஆங்கில அளவுக் கப் அதில் ஏறாது. சீட் கம்பமும் இப்படித்தான்: எஸ்.எல். குழாய்க்குப் பெரும்பாலும் 27.2 மி.மீ., சற்றுத் தடித்த எஸ்.பி. குழாய்க்கு 27.0. ஃபிரேமுக்கு ஒரே ஒரு கம்பம்தான் சரி என்பதால், நடுத்தர அளவொன்றைத் திணித்தால் குழாய் பிளந்துவிடும்.

இருந்தும் மூன்றாம் வழியின் தரப்பில் வெல்ல முடியாத வாதம் ஒன்று உண்டு, அது உலோகக் களைப்பு. அலுமினியத்தில் எஃகைப் போன்ற பாதுகாப்பு எல்லை இல்லை. சிறு சுமையும் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் விரிசலாகும். நுவோவோ ரெக்கார்ட் கிராங்கின் வலப்பக்கத் தண்டும் செயின்ரிங்கைத் தாங்கும் கரமும் சேரும் கூர்மூலையில் விரிசல் விழுவது நன்கறியப்பட்ட குறை. அந்த மூலையை அரத்தால் தேய்த்து மழுங்கடிப்பது பழைய மெக்கானிக்குகளின் வைத்தியம். விரிசல் விழுமுன் செய்தால்தான் அதற்குப் பலன். ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் இதைவிட அச்சமூட்டுபவை, ஏனெனில் கிராங்க் முறிந்தால் கால் நழுவும், ஹேண்டில்பார் முறிந்தால் முகம் தரையில். சினெல்லி ஹேண்டில்பாரை ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விட்டம் 26.4 மி.மீ.; 26.0 அளவுள்ள புதியதை அந்தப் பழைய ஸ்டெம்மில் நுழைத்து, வழுக்குகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவது ஸ்டெம்மை உடைக்கும் நிச்சய வழி. மாற்றுவதாயின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பளபளப்பாக இருக்கிறது, அதனால் பத்திரம் என்று நம்புபவர்களைக் காணும்போது எனக்குக் கோபமே வருகிறது. மெருகு போட்ட கை விரிசலை மறைத்திருக்கவும் கூடும்.

சக்கரங்களில் சமரசம் மற்ற எல்லாவற்றையும்விட எளிது. டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரை ஒட்டிப் பூட்டும் டியூபுலர் ரிம்முக்கும், டயரும் டியூபும் தனித்தனியாக உள்ள 700சி கிளின்ச்சர் ரிம்முக்கும் வெளிவிட்டத்தில் பெரிய வேறுபாடில்லை என்பதால், பழைய பிரேக்கின் கட்டைகள் இரண்டிலும் எட்டும். பழைய ஹப்பில் வெள்ளி நிறத் தாழ்ந்த கிளின்ச்சர் ரிம் ஒன்றைக் கம்பி கோத்துவிட்டால் இரண்டடி தள்ளி நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது; சவாரிக்காரருக்கோ வழியில் பசையும் ஊசிநூலும் தேவைப்படாது. டியூபுலரின் ஓட்ட மென்மையை நான் மறுக்கவில்லை. பல்லாண்டு இருட்டில் கிடந்த பழைய டியூபுலரை ‘அசல்’ என்று பூட்டுவதை மட்டும் மறுக்கிறேன்.

கியர் விகிதம் முழங்காலைப் பொறுத்தது. செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமரும் 144 மி.மீ. வட்டத்தில் கம்பன்யோலோ தந்த மிகச் சிறிய செயின்ரிங் 42 பற்கள். பின்பக்கம் 26 பற்களைத் தாண்டினால் பழைய கியர் மாற்றி திணறும். மலைப்பாதையை விரும்புபவருக்கு இந்தப் பாகங்களுக்குள் இதற்குத் தீர்வு இல்லை.

டஸ்கனியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லெரோய்க்கா சவாரியின் விதிகள் ஏறத்தாழ இரண்டாம் வழியின் பக்கமே நிற்கின்றன: 1980-களின் பிற்பகுதிக்கு முந்தைய ஃபிரேம், அதன் கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல், வார் கட்டிய பெடல், ஹேண்டில்பாருக்கு வெளியே வளையும் பிரேக் கேபிள். கண்ணில் படும் குணங்களைக் காத்தால் போதும் என்ற இந்த அணுகுமுறையை ஏற்று, நம் 1974 ஃபிரேமில் கியர் மாற்றி, நெம்புகோல், பிரேக், ஹப், சீட் கம்பம் ஆகியவற்றைப் பழையதாகவும், கேபிள், செயின், பிரேக் ரப்பர், டயர், ஹேண்டில்பார், ஸ்டெம் ஆகியவற்றைப் புதியதாகவும் வைப்பேன். கிராங்க் பழையதுதான், ஆனால் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஊடுருவும் சோதனையில் தேறிய பிறகு. கண்காட்சியில் நிற்க மட்டுமே போகும் வண்டிக்கு முதல் வழியே பொருத்தம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த வழியானாலும் இத்தாலிய மரையின் ஒரு குணத்தை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஆங்கில அளவில் செயின் பக்கக் கப்புக்கு இடப்புரி மரை; இத்தாலிய அளவில் இருபுறமும் வலப்புரி. அதனால் மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கப் தானாகவே தளரப் பார்க்கும். மரையில் பிடிப்புப் பசை பூசி, நீண்ட ஸ்பேனரால் முழு வலிமையோடு இறுக்கி, முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.