டிஸ்னியா, யுனிவர்சலா? ஆர்லாண்டோவில் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள டிஸ்னி, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களில், உடல்நிலையால் நீண்ட வரிசையில் நிற்க முடியாதவர்கள் வரிசைக்கு வெளியே காத்திருக்கச் சலுகை உண்டு. இரண்டு சலுகையும் இலவசம்.

சான்று: டிஸ்னியில் டி.ஏ.எஸ். எனப்படும் இந்தச் சலுகைக்கு மருத்துவர் கடிதம் வேண்டாம். வீடியோ அழைப்பில் பேசி முடிவெடுப்பார்கள். யுனிவர்சலுக்கு, சான்றுகளைச் சரிபார்க்கும் ஐ.பி.சி.சி.இ.எஸ். என்ற அமைப்பின் இணையதளத்தில் 48 மணி நேரம் முன்பே மருத்துவர் கடிதத்தை ஏற்ற வேண்டும்.

காத்திருப்பு: இரண்டிலும் 60 நிமிட வரிசை என்றால் ஏறக்குறைய 60 நிமிடம் கழித்துத்தான் வர முடியும், அதுவரை நிழலில் உட்காரலாம். 2013 வரை டிஸ்னியில் பெரும்பாலும் உடனே விட்டார்கள். வரிசையைத் தாண்டுவதற்காகப் பணக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளை வாடகைக்கு அமர்த்துவதாகச் செய்தி வந்த பிறகு அது நின்றது.

தகுதி: 2024 முதல் டிஸ்னி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளுக்கே முக்கியமாகத் தருகிறது. ஏமாற்றுபவர்களைத் தடுக்க வந்த விதி, பாதி வரிசையில் கழிப்பறைக்கு ஓட வேண்டிய குடல்நோயாளியையும் தள்ளிவிடுகிறது. இது அநியாயம்.

ஆட்டிசக் குழந்தைக்கு இரண்டுமே சரி. குடல்நோய் உள்ளவர் கடிதத்தோடு யுனிவர்சலை முதலில் முயலலாம்.