மண்டிக் கணக்குக்கு மவுஸா, குறுக்குவிசையா?

கிருஷ்ணகிரியில் மே முதல் ஜூலை வரை பெங்களூரா, செந்தூரா, நீலம் ஆகிய மாங்காய் ரகங்கள் வண்டி வண்டியாக மண்டிக்கு வந்திறங்கும் நாட்களில், எடைச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறவரின் கை ஓயாது. பல பருவங்கள் அந்த நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதியவன் என்ற முறையில், மவுஸ், ஷார்ட்கட் எனப்படும் குறுக்குவிசை, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆல்ட் வழி ஆகிய மூன்றையும் அந்த வேலையை வைத்தே ஒப்பிடுகிறேன்.

சீட்டைப் பார்த்து ஏற்றும் வேலையில் குறுக்குவிசைக்கு நிகர் இல்லை. விநாடிகள் மிச்சமாவதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கண் சீட்டை விட்டு நகராமல் இருப்பதே பெரிய லாபம் என்பேன். எக்செலில் பெயர், ரகம், எடை, விலை என ஒவ்வொரு கட்டமாக டேப் விசையால் நகர்ந்து கடைசியில் எண்டர் தட்டினால், அடுத்த வரிசையின் முதல் கட்டத்தில் தானாகவே போய் நிற்கும். கண்ட்ரோலுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதியும், கண்ட்ரோலுடன் டி அழுத்தினால் மேலே உள்ள ரகத்தின் பெயரும் விழுந்துவிடும். இதையே மவுஸால் செய்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அம்புக்குறியைத் தேட வேண்டும். தேடிவிட்டுச் சீட்டுக்குத் திரும்பும் கண் ஒரு வரி தவறினால், ஒரு விவசாயியின் எடை இன்னொருவர் பெயரில் ஏறிவிடும்.

விவசாயியின் பெயரைத் தமிழிலும், டி.என். 24 என்று தொடங்கும் வண்டி எண்ணை ஆங்கிலத்திலும் அடிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறிவிடும் என்றிருக்க, ஒவ்வொரு முறையும் திரையின் வலது கீழ் மூலைக்கு மவுஸை இழுத்துச் செல்வது வீண் அலைச்சல்.

ஆனால் குறுக்குவிசைக்கு ஓர் ஆபத்து உண்டு: ஒரே விசை ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு பொருள் தரும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் கண்ட்ரோலும் ஏ-யும் பதிவை ஏற்றுச் சேமிக்கும். வேர்டில் அதே விசைகள் கோப்பு முழுவதையும் தேர்வு செய்யும், அடுத்து ஓர் எழுத்தைத் தட்டினால் அத்தனையும் மறைந்துபோகும். டேலியிலேயே நாள் முழுதும் இருந்த பழக்கத்தில் ஒரு நீண்ட கடிதத்தை நான் இப்படி அழித்திருக்கிறேன்; கண்ட்ரோலுடன் இசட் அழுத்தி மீட்கும்வரை நெஞ்சு படபடத்தது. டேலியில் பணம் செலுத்தியதைப் பதியத் திறக்கும் எஃப் 5, பிரவுசரில் பக்கத்தையே புதுப்பித்துவிடும். பாதி நிரப்பிய படிவம் பல தளங்களில் காலியாகிவிடும்.

மவுஸ் வெல்லும் இடம் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை. தொடர்ச்சியில்லாத பத்து வரிசைகளைப் பொறுக்கி எடுப்பதற்கும், நெடுவரிசையின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும், பழக்கமில்லாத இணையதளத்தில் படிவம் நிரப்புவதற்கும் அதுவே ஏற்றது. நகல் எடுத்து ஒட்டும் வேலையில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம்: இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கும் விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் அடுத்தடுத்து இருப்பதால், வலக்கை மவுஸில் இருக்கும்போதே இடக்கை அவற்றை அழுத்திவிடும்.

பலரும் கவனிக்காத மூன்றாவது வழியையே புதியவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன். 2007 முதல் வந்த எக்செலிலும் வேர்டிலும் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால், மேல்பட்டையில் ஒவ்வொரு பிரிவின்மீதும் ஓர் எழுத்து தோன்றும். அதைத் தட்டினால் அடுத்த எழுத்துகள் தோன்றும். குறுக்குவிசையைவிட இது மெதுவானதுதான், ஆனால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; அடிக்கடி போகும் வழி சில வாரங்களில் விரலுக்கே பழகிவிடும்.

எந்த வழிக்கு மாறுவதாக இருந்தாலும் ஜூன் மாதத்தில் மாற வேண்டாம். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது புதிய விசையைத் தேடுகிறவர் தடுமாறுவார். பருவம் முடிந்து மண்டி ஓய்ந்திருக்கும் மாதங்களில், பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்துவைத்து நாளுக்கு இரண்டு விசைகளாகப் பழகலாம்.