சொந்தக் கல்யாணத்துக்கு வீட்டுலயே போட்ட கேக்கு: மூணு வருசம் கழிஞ்சு எழுதுற அனுபவம்

எனக்கு கல்யாணம் 2022 மே மாசம், ஈஸ்டர் கழிஞ்சு. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல கிறிஸ்தவக் கல்யாணம்னா கோயில்ல (சர்ச்சுல) தாலி கட்டி முடிஞ்சு மண்டபத்துல மேடை ஏறுனா மொத வேலையே கேக்கு வெட்டுறதுதான். நாகர்கோவில்ல ஒரு கடையில போய் கேட்டோம், மூணு தட்டு (அடுக்கு) கேக்குக்கு ஒரு ரேட்டு சொன்னாவ, சரின்னு தலையாட்டுன பிறகுதான் மெதுவா சொல்றாவ, கீழ ரெண்டு தட்டும் தெர்மாகோலாம், மேல இருக்கதுல மட்டும்தான் கத்தி எறங்குமாம். எனக்கு வந்துதே கோவம். நானே போடுறேன்னு வீட்டுல வந்து சொல்லிட்டேன். அம்மை கேட்டா, "கல்யாணப் பொண்ணு நலுங்காம இருப்பியா, மாவு குழைச்சுட்டு நிப்பியா?" ரெண்டும் செய்யலாம்னு நெனச்சேன், அது தப்புக்கணக்கு, பின்னால சொல்றேன்.

ஒண்ண மொதல்லயே சொல்லிருதேன், வந்த 600 பேருக்கும் நான் கேக்கு போடல. விருந்தாளிக்கு குடுக்குற துண்டு கேக்கு பேக்கரியில ட்ரே கணக்குல வாங்குனதுதான். நான் போட்டது மேடையில வெட்டுன ரெண்டு தட்டு மட்டும், கீழ 9 இஞ்ச், மேல 6 இஞ்ச். 10 இஞ்ச்தான் போடணும்னு ஆசைப்பட்டேன், என் ஓடிஜி (மேசையில வைக்கிற கரண்டு அடுப்பு) 28 லிட்டர், அதுல 10 இஞ்ச் டின்ன வச்சா சுத்தி காத்து போக எடமில்ல, ஓரம் கரிஞ்சு நடு மாவா கெடந்துது. 9க்கு எறங்குனேன். 6 இஞ்ச் டின்னுக்கு 9 இஞ்ச் மாவுல பாதிக்கும் கொஞ்சம் கொறச்சல் போதும், வட்டத்துக்கு அகலத்த அகலத்தால பெருக்கி பாத்தா 81க்கு 36.

பிளம் கேக்குதான், ஏன்னா அது முன்னாடியே போட்டு வைக்கலாம், மேல தட்டு பாரத்தையும் தாங்கும். எங்க வீட்டுல ரம்மு ஆகாது, அப்பா கோயில் கமிட்டியில இருக்காவ. அதனால பழத்த திராட்ச ஜூஸ்ல ஊறப்போட்டேன், ரம்முல போடுற மாதிரியே நெனச்சு ஒரு வாரம் வெளியவே வச்சேன், மூடிய தெறந்தா நுரை பொங்கி கள்ளு நாத்தம். முழுசும் தென்னை மூட்டுல கொட்டுனேன். ரெண்டாவது தடவ ஜூஸோட அடுப்புல வச்சு வத்தவிட்டு, ஆறுன பிறகு பிரிட்ஜுல மூணு நாள். அண்டிப்பருப்பு (முந்திரி) கருங்கல் ஊரு பக்கம் மாமா வீட்டுல இருந்து வந்துது. கிராம்பு நம்ம மாறாமலை கிராம்பு, கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடே கெடச்சுது, அதுல நாலு இடிச்சு போட்டா வீடே கிறிஸ்துமஸ் மாதிரி மணக்கும். கூட போடாதீங்க, நாக்கு மரத்துப்போகும்.

வேக்காடு 150 டிகிரியில ரெண்டரை மணி நேரம். நடுவுல கரண்டு போகக்கூடாதுன்னு ஜெபம் பண்ணதுதான் பெரிய வேல, ஓடிஜிய எங்க இன்வெர்டர் தாங்காது. இன்னொண்ணு, ஓடிஜி திருகுல இருக்க நம்பர அப்படியே நம்பாதீங்க, உள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு பின்னால வாங்கி பாத்தப்போ நான் 150 வச்சா உள்ள 170 காட்டிச்சு. இது தெரியாமத்தான் மொத ரெண்டு கேக்கும் மேல வெடிச்சு போச்சு.

இனி கிரீம் கதை. கேக்கு சுடுறதெல்லாம் ஒண்ணுமே இல்ல, மே மாசம் நம்ம ஊரு புழுக்கத்துல அத பூசி நிக்க வைக்கறதுதான் வேல. மொதல்ல வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடிச்ச சாதா பட்டர்கிரீம். கடையில கெடச்சது உப்பு போட்ட மஞ்ச வெண்ணெய், கல்யாண கேக்கு எலுமிச்ச சாதம் கலர்ல வந்துது. உப்பில்லாதத தேடி வாங்குனேன். அதுலயும் லேசா மஞ்ச இருக்கும், பல்குத்துற குச்சி நுனியில வயலட் கலர் தொட்டு கலக்குனா வெள்ளையாயிரும், இது உண்மையிலேயே நடக்குது. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு வெளிய வச்சு சோதிச்சேன், அரை மணிக்கூர்ல ஓரம் வழிய ஆரம்பிச்சுட்டு.

அடுத்து முட்டவெள்ளையும் சீனியும் கொதிதண்ணி மேல வச்சு 71 டிகிரி வரைக்கும் சூடாக்கி, அடிச்சு, ஆறுன பிறகு வெண்ணெய் சேக்குறது. பாதியில தயிர் திரிஞ்ச மாதிரி ஆகும், பயந்து கொட்டிராதீங்க, அடிச்சுட்டே இருந்தா கூடிரும். கஞ்சி மாதிரி தண்ணியா ஓடுனா பிரிட்ஜுல கால் மணி நேரம் வச்சுட்டு திரும்ப அடிக்கணும். ருசின்னா இதான் ருசி, இன்னைக்கும் பிறந்தநாளுக்கு இதத்தான் பூசுறேன், ஆனா இதுவும் வெண்ணெய்தானே, மேடை லைட்டுக்கு முன்னால நிக்காது. கிரீம் அடிக்கிற என் மொத பீட்டர் மெஷினு புகைஞ்சு செத்ததும் இதுலதான்.

கடைசியா நின்னது வெள்ளை சாக்லேட் கனாஷ். 1 கிலோ வெள்ளை காம்பவுண்ட் கட்டிக்கு 300 மில்லி கிரீம். கிரீம் ஓரத்துல குமிழ் விடும்போது எறக்கி, நறுக்குன சாக்லேட்டு மேல ஊத்தி அஞ்சு நிமிசம் தொடாம விட்டு கிண்டி, ராத்திரி முழுக்க மூடி வைக்கணும். காலையில தோச திருப்பில எடுத்தா விழாம நிக்கும், அந்தப் பதம். ஒசந்த சாக்லேட்ட விட காம்பவுண்ட்தான் நம்ம சூட்டுக்கு கொஞ்சம் தாங்குது, அதுல கொக்கோ வெண்ணெய்க்கு பதிலா வேற கொழுப்பு. தித்திப்பு கூடுதல்தான், கேக்குல சீனிய கொறச்சுக்கிடணும். மொதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, பிரிட்ஜுல அரை மணி, பிறகு தடிப்பா ஒண்ணு.

பூவு தோவாளையில வாங்குனது. விடியகாலம் சித்தி போய் ரோசாவும், கூட ஒரு கவர் வெள்ள அரளியும் வாங்கிட்டு வந்தா, "பாரு பிள்ளே, கேக்குக்கு தோதா இருக்கு"ன்னு. பாக்க அவ்வளவு அழகு. நல்லவேள மயினி (மதினி) பாத்துட்டு சத்தம் போட்டா, அரளி வெசம்லா, அத தின்னுற சாதனத்துல குத்தலாமா. ரோசாலயும் மருந்து அடிச்சிருப்பான், கழுவி, காம்புல ஃபாயில் சுத்தி, வெட்டுன ஸ்ட்ராவுக்குள்ள விட்டுத்தான் கேக்குல குத்துனோம்.

திங்கள்சந்தையில இருந்து நாகர்கோவிலுக்கு ரெண்டு தட்டும் தனித்தனி பெட்டியில, கார் டிக்கியில அடியில ரப்பர் மேட்டு போட்டு. மடியில வைக்கக்கூடாது, மடி சரிவு. மண்டபத்துல வச்சுத்தான் அடுக்குனது, கீழ் தட்டுக்குள்ள அஞ்சு தடிச்ச ஸ்ட்ரா ஒரே உயரத்துல வெட்டி எறக்கி, மேல் தட்டுக்கு அடியில அட்ட. இதெல்லாம் மயினியும் தம்பியும் செஞ்சது, நான் அந்நேரம் சேலை உடுத்திட்டு அசையாம நிக்கேன். அதான் சொன்னேன் தப்புக்கணக்குன்னு. பிரிட்ஜு குளிர்ல இருந்து எறங்குன கேக்கு புழுக்கத்துல வேர்த்துது, சும்மா விட்டா ஃபேன் காத்துல அதுவா காஞ்சிரும், தம்பி பாசத்துல டிஷ்யூவால தொடச்சுட்டான். பெருவிரல் தடம் அப்படியே பதிஞ்சுட்டு. அந்தப் பக்கத்த சுவருக்கு திருப்பி வச்சாவ, போட்டோகிராபர் சுத்தி வந்து அதத்தான் கிட்டத்துல எடுத்திருக்கான், ஆல்பத்துல இருக்கு.

மூணு வருசத்துல சொந்தத்துக்குள்ள இன்னும் நாலு கல்யாண கேக்கு போட்டாச்சு. ஓடிஜியில மேல் ராடு ஒண்ணு மங்கிட்டு, அதனால நடுவுல ஒரு தடவ டின்ன திருப்பி வைக்கணும். பிளாஸ்டிக் சுத்துபலகை ஆடுது, அதுல காச போடாதீங்க, இரும்புல வாங்குங்க. பாத்திரக்கடையில வாங்குன அலுமினிய டின்னு கறுத்துப்போச்சே தவிர ஒரு கொறையும் இல்ல. மேல் தட்டுல கால்வாசி ஃப்ரீஸர்ல வச்சு மொத வருச கல்யாண நாளுக்கு எடுத்தோம், கனாஷ் வெடிச்சிருந்துது, கேக்கு ருசி போகல, எங்க வீட்டுக்காரவிய ரெண்டு துண்டு தின்னாவ.

உங்க கல்யாணத்துக்கு நீங்களே போடலாமான்னு கேட்டா, போடுங்க, ஆனா கடைசி ரெண்டு நாளுக்கு பூச ஒரு ஆள பழக்கி வையுங்க, ஒரு முழு ஒத்திகை மத்தியான வெயில்லயே பண்ணி பாருங்க. எனக்கு இப்ப மயினி தங்கச்சி கல்யாணம் வருது, ஐப்பசி மழையில, அவளுக்கு வெண்ணெய் இல்லாம முட்டவெள்ளையில ஐசிங் சுகர் அடிச்சு பூசி காயவிடுற ஐசிங்குதான் வேணுமாம், அந்த ஈரத்துல அது காயாதுன்னு சொல்லிட்டேதான் இருக்கேன், கேக்க மாட்டேங்கா.