11×4 மாட்டுவதா, 10×6 மாட்டுவதா?

பேட்டரியில் ஓடும் மாடல் விமானத்தின் புரொப்பல்லரில் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பதுதான் பிட்ச்.

11×4, 10×6 இரண்டையும் எதிரெதிரே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) சுற்றத் தேவையான சக்தி, பிட்ச் கூடும் அளவுக்கே கூடும். விட்டத்துக்கோ அதன் நான்காம் அடுக்காக எகிறும். விட்டத்தை 10-லிருந்து 11 ஆக்கினால் பாரம் சுமார் 46 சதவீதம் ஏறுகிறது. பிட்சை 6-லிருந்து 4 ஆகக் குறைத்தால் அந்த ஏற்றம் அப்படியே இறங்கிவிடுகிறது. ஆக, மோட்டாருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். விமானத்துக்குத்தான் வேறு.

10,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலப் பிட்ச் காற்றைப் பின்னே தள்ளும் வேகம் மணிக்குச் சுமார் 91 கி.மீ. 4 அங்குலத்தில் 61 கி.மீ. தான். ஆனால் நின்ற இடத்தில் இழுத்துப் பார்த்தால் 11×4 தான் ஜெயிக்கும். அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம்.

உயர்இறக்கை டிரெய்னர் (பறக்கவிடப் பழகும் விமானம்) ஒன்றில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பறக்கவிட்டிருக்கிறேன். 10×6 போட்டால் புல்தரையில் தயங்கித் தயங்கித்தான் வேகம் எடுக்கும். 11×4 போட்டதும் நாலைந்து அடியிலேயே வால் எழும்பி, செங்குத்தாக ஏற்றினாலும் துவளாமல் போனது. இறங்கும்போது திராட்டிலை, அதாவது மோட்டாருக்குக் கொடுக்கும் சக்தியை, குறைத்தால் அந்தத் தட்டையான பிட்சே பிரேக் மாதிரி பிடிக்கும். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி. சதுர உடம்பும் தடித்த இறக்கையும் கொண்ட விமானம் எப்படியும் 91-ஐ எட்டப் போவதில்லை, காற்றின் இழுவை விடாது. அதற்கு 10×6 வீண் என்றே சொல்வேன்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் கதை மாறுகிறது. எதிர்காற்று 30 கி.மீ. என்றால் 11×4 போட்ட விமானம் தரையைப் பொறுத்துப் பாதி வேகத்தில்கூட நகராது. மெல்லிய இறக்கையுள்ள, வழுவழுப்பான தாழ்இறக்கை மாடலுக்கு 10×6 தான் சரி. அது வேகம் பிடித்த பிறகே தன் குணத்தைக் காட்டும்.

‘இரண்டின் நல்லதும் வேண்டும்’ என்று 11×6 மாட்டிவிடாதீர்கள். அந்த 46 சதவீதம் முழுதாக மோட்டாரின் தலையில் விழும். ஆர்பிஎம் குறையும், ஆம்பியர் ஏறும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி கொதிக்கும். எதை மாட்டினாலும் முழுத் திராட்டிலில் சில விநாடி ஓட்டி வாட்மீட்டரைப் பாருங்கள். அப்புறம், 11 அங்குலத்தின் நுனி அரை அங்குலம் கூடுதலாகக் கீழே வரும். மூக்கு தாழும்போது தரையில் தட்டுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே பேட்டரியை இணையுங்கள்.