பெயின்ட் அடித்த பின் வெல்டிங்கைக் காட்டினால் வாங்காதீர்கள்

கரூர் பக்கம் நாங்கள் நடத்தும் ஜல்லி கிரஷரில், பிரதான கன்வேயரை இழுக்கும் கியர்பாக்ஸின் வார்ப்பிரும்புக் கூட்டில் விரிசல் விழுந்தது. அதை வெல்டிங் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையிடம் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அந்த வேலையை நம்பி இயந்திரத்தை ஓட்டிய 11 நாட்களும் எங்கள் ஆட்கள் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. கிரஷர், ரிக், மில் என்று கனரக இயந்திரம் வைத்திருக்கும் எவருக்கும் இதே நிலை வரலாம் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

காலையில் துடைத்த இடத்தில் மதியத்துக்குள் மறுபடியும் எண்ணெய் கசிந்திருப்பதை ஆபரேட்டர்தான் முதலில் காட்டினார். நன்றாகத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்தோம். சற்று நேரத்தில், காலடி போல்ட் துளையில் தொடங்கி பேரிங் உட்காரும் இடத்தை நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு எண்ணெய்க் கோடு தானாகவே எழுந்து வந்தது. கியர்பாக்ஸ் பழைய மாடல் என்பதால், கூடு மட்டும் தனியாக வர 6 வாரம் ஆகும் என்று பதில் கிடைத்தது. 6 வாரம் கிரஷரை நிறுத்தி வைக்க முடியாத அவசரத்தில்தான், லாரி சேஸிஸ் வேலையில் பெயர் எடுத்த அந்தப் பட்டறையைத் தேடிப் போனோம். நிக்கல் ராடுதான் (வெல்டிங்கில் உருகி விரிசலை நிரப்பும் நிக்கல் குச்சி) போடுவோம், முழுக் கூட்டையும் சூடேற்றித்தான் வெல்டிங் செய்வோம், ஒரு வருடத்துக்குப் பயமே வேண்டாம் என்று அதன் உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தோம். இரண்டே நாளில் கியர்பாக்ஸ் திரும்பி வந்தது. கூடு முழுவதும் புதிதாகச் சாம்பல் நிற பெயின்ட் அடித்து, விரிசல் இருந்த இடமே தெரியாதபடி வழுவழுப்பாக இருந்தது. அந்த வழுவழுப்பைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமே அதுதான்.

12ஆம் நாள் காலை, பழைய விரிசலுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி, வெல்டிங் ஓரத்தை ஒட்டியே புதிய விரிசல் பிளந்தது. பேரிங்கும் கரகரவென்று இரைச்சல் போட்டது. இம்முறை நேராகக் கோவைக்கு எடுத்துச் சென்று, வார்ப்பிரும்பு வேலையை மட்டுமே பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். அவர் முதலில் பெயின்டைச் சுரண்டினார்; அடியில் இருந்து, பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பசையான மெட்டல் புட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பிறகு வெல்டிங் மேல் கிரைண்டரைத் தொட்டுக் காட்டினார். நிக்கலாக இருந்தால் சிவந்த பொறி குட்டையாக, குறைவாகத்தான் வரும். இதிலோ வெளிச்சமான பொறி நீளமாகப் பறந்தது. அரத்தை வைத்துத் தேய்த்தபோது, கண்ணாடி மேல் இழுத்தது போல அரம் வழுக்கிக்கொண்டு போனது. "இதுல நிக்கலே இல்லைங்க, இரும்பு கேட்டுக்குப் போடற சாதா ராடைப் போட்டிருக்காங்க" என்றார். நிக்கல் ராடு சாதாரண ராடைவிடப் பல மடங்கு விலை. எங்களிடம் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி இந்த ராடின் பெயரால்தான் வாங்கப்பட்டது.

ராடு மாறினால் என்ன ஆகிவிடும் என்று நானும் அன்று கேட்டேன். மைல்டு ஸ்டீல் எனும் சாதாரண எஃகில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது; வார்ப்பிரும்பிலோ 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. அது கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடப்பதால்தான் வார்ப்பிரும்பு அதிர்வை நன்றாக உள்வாங்குகிறது, அதே காரணத்தால்தான் வளைந்துகொடுக்காமல் உடைகிறது. வெல்டிங் செய்யும் இடம் மட்டும் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த கனமான இரும்பு அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும்போது, ஓரத்தில் உள்ள உலோகம் மிகக் கடினமாக இறுகிவிடுகிறது. ஆறும் வெல்டிங் சுருங்கி இழுக்க, இறுகிப்போன அந்த ஓரம் பிளந்துகொள்கிறது. சாதாரண ராடு உருகும்போது வார்ப்பிரும்பின் கார்பனையும் தன்னுள் வாங்கிக்கொண்டு தானும் கல் போலாகிவிடும். நிக்கல் அப்படி இறுகாமல் மென்மையாகவே இருப்பதால், சுருங்கும்போது கொஞ்சம் நீண்டுகொடுத்து ஓரத்தைக் காப்பாற்றும். முழுக் கூட்டையும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி வெல்டிங் செய்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடும் முறையும் உண்டு. எங்கள் கூட்டில் அந்தச் சூடு பட்டதற்கான அடையாளமே இல்லை.

இதைவிட மோசமான ஒன்று பேரிங்கைக் கழற்றியபோது தெரிந்தது. அந்தப் பட்டறையில் பேரிங்கையும் ஷாஃப்ட்டையும் கழற்றாமலே வெல்டிங் செய்திருக்கிறார்கள்; வெல்டிங் கரன்ட் திரும்பிச் செல்வதற்கான எர்த் கிளாம்பை ஷாஃப்ட் முனையில் மாட்டியிருக்கிறார்கள். முனையில் கிளாம்ப் பல் பதிந்த கருகல் அப்படியே இருந்தது. வெல்டிங் கரன்ட் முழுவதும் பேரிங் உருளைகள் வழியாகப் பாய்ந்து, உருளைகளின் மேல் ஊசி குத்தியது போலச் சிறு சிறு பள்ளங்களைப் போட்டிருந்தது. நன்றாக இருந்த பேரிங்கையும் சேர்த்துக் கெடுத்துத்தான் எங்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் பாகத்திலேயே, வெல்டிங்குக்குப் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த பாடம்.

விரிசல் மேலும் ஓடாமல் தடுக்க அதன் முனையில் போட வேண்டிய துளையும் போடப்படவில்லை. விரிசலை அடிவரை தோண்டாமல், 14 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரில் மேலே 3 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் ராடை இழுத்துவிட்டிருந்தார்கள். கோவையில் வேலை எப்படி நடந்தது என்பதை உடன் இருந்து பார்த்தேன். வார்ப்பிரும்பு உள்ளுக்குள் குடித்திருந்த எண்ணெயை முதலில் கேஸ் தீயால் எரித்து வெளியேற்றினார்கள். பிறகு சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, அதன்மேல் வெள்ளை டெவலப்பரை அடித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த முனையையும் தாண்டி அரை அங்குலம் விரிசல் ஓடியிருப்பது சிவப்பாக ஊறி வந்தது. உண்மையான முனையில் துளையிட்டு, பழைய வெல்டிங்கை முழுதும் தோண்டி எடுத்து, ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் இழுக்காமல், ஒவ்வொரு துண்டு வெல்டிங்கையும் சூடு ஆறுமுன் சிறு சுத்தியலால் தட்டி, கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்ததைத் தொடங்கினார்கள். வெல்டிங்குக்கு மட்டும் முழுதாக 2 நாள் ஆனது. அதன் பிறகு போரிங் மிஷினில் ஏற்றி, சற்றுக் கோணியிருந்த பேரிங் இருக்கையைச் சரிசெய்தார்கள். பெயின்ட் அடிக்குமுன் மறுபடியும் சாயம் அடித்து எங்களை அழைத்துக் காட்டினார்கள்.

விரிசல் ஏன் வந்தது என்று முதல் பட்டறையில் யாரும் கேட்கவில்லை. கோவைப் பெரியவர் அதைத்தான் முதலில் கேட்டார். அவர் சொன்னபடி கிரஷரில் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால், கியர்பாக்ஸின் நான்கு கால்களில் ஒன்றின் அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், 0.8 மில்லிமீட்டர் கனமுள்ளது, தாராளமாக நுழைந்தது. சரியாக உட்காராத அந்தக் காலைப் போல்ட் போட்டு இறுக்கி இறுக்கி நாங்களே கூட்டை வளைத்து வைத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துச் சமன் செய்தபின் 5 மாதமாக எண்ணெய் ஒரு சொட்டுக் கசியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "காஸ்ட் அயர்னுக்கு யாருங்கண்ணா கேரண்டி கொடுப்பாங்க" என்றார் அந்த உரிமையாளர். வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கு முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். போடாத நிக்கல் ராடுக்கு வாங்கிய காசுக்கு அது பதிலாகாது. பில்லில் "வெல்டிங் வேலை – 38,000" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. வணிகத்துக்கான சேவை என்பதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எங்கள் புகார் நிற்பது கடினம் என்று வழக்கறிஞரும் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் ராடின் வகை, பேரிங்கைக் கழற்றுவது, பெயின்டுக்கு முன் சாயச் சோதனை ஆகிய மூன்றையும் வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பொருளை இறக்குகிறோம். எழுதித் தர மறுத்த ஒரு பட்டறையிலிருந்து சென்ற வாரம் ஒரு பம்ப் கூட்டை வண்டியை விட்டு இறக்காமலே திருப்பி எடுத்து வந்தோம்.