மீனவர் குழுவில் வாட்ஸ்அப்பின் நிர்வாக வசதிகள்: ஒரு மதிப்பீடு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளின் படகு உரிமையாளர்களும் மீன் வியாபாரிகளும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நிர்வாகிகளாக இருக்கும் மூவரில் நானும் ஒருவன். கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் தருமா, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, நண்டும் கணவாயும் என்ன விலைக்குப் போகின்றன என்பவற்றுக்காகவே நடக்கும் குழு இது. உறுப்பினர் ஒருவரின் கணக்கு திருடப்பட்டு, அதிலிருந்து மோசடிச் செய்திகள் வரத் தொடங்கினால், நிர்வாகிக்கு இச்செயலி தரும் வசதிகள் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். 5-க்கு 3 மதிப்பெண் தருவேன்.

சென்ற வாடைக்காற்றுக் காலத்தில் ஓர் இரவு, குழுவில் எல்லோரும் அண்ணன் என்றழைக்கும் மூத்த உரிமையாளர் ஒருவரின் எண்ணிலிருந்து, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் ஓர் ஏபிகே கோப்பு (திறந்தால் கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. அறியாத எண்ணிலிருந்து வந்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் அனுப்பியது என்பதால் இருவர் திறந்துவிட்டார்கள். அவரோ அப்போது கடலில் இருந்தார். வீட்டில் விட்டுச் சென்ற கைபேசியில் அவருடைய மகன் இதே போன்ற கோப்பைத் திறந்திருக்கிறான். அந்தப் போலிச் செயலி குறுஞ்செய்திகளைப் படித்து, பதிவுக்கான 6 இலக்க எண்ணை வெளியே அனுப்பிவிட, கணக்கு வேறொரு கைபேசிக்குப் போய்விட்டது.

அன்று கைகொடுத்தது, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றும் வசதிதான். 2018 முதல் இருக்கும் இதனை, பொங்கல் வாழ்த்துப் படங்கள் குவிவதைத் தடுப்பதற்குத் தவிர வேறெதற்கும் நாங்கள் பயன்படுத்தியதில்லை. மூத்தவர் ஒருவரைக் குழுவிலிருந்து நீக்குவதென்றால், அவர் மனம் வருந்துமே என்ற தயக்கத்திலேயே பத்து நிமிடம் போய்விடும். குழுவையே அடைத்துவிட்டால் யாரையும் குற்றம் சொன்னதாகாது. ஆனால், காற்று திரும்புகிறது என்று சொல்ல வருபவரின் வாயும் அதனால் அடைபடுகிறது. ஆகவே நிர்வாகிகளில் ஒருவராவது கரையில் விழித்திருக்க வேண்டும். மூவரும் ஒரே நாளில் தொழிலுக்குப் போகும் குழுவுக்கு இந்த வசதியால் பயனில்லை.

பிறர் அனுப்பிய செய்தியை நிர்வாகி எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2022-இல் வந்தது. சிக்னல் கிடைக்காத தூரத்தில் இருந்தவர்கள் கரைக்குத் திரும்பியபோது, கோப்புக்குப் பதிலாக, நிர்வாகி அழித்துவிட்டார் என்ற வரியையே கண்டார்கள். முன்பே நிறுவியவர்களை இது காப்பாற்றாது. அந்த இருவரையும் நேரில் அழைத்து, இணையத்தைத் துண்டித்து, போலிச் செயலியை நீக்க வைத்தோம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தோம். நல்ல வேளையாக அதற்குத் தேவை ஏற்படவில்லை. உறுப்பினரை நீக்கினாலும் அவர் பெயரில் வந்த செய்திகள் குழுவிலேயே கிடக்கும் என்பதால், அழிப்பதே முதல் வேலை. புகாரளிக்கும் பொத்தானை நாங்கள் தொடவில்லை. புகார் எண்ணின் மீது போகிறது. எண்ணோ நம் அண்ணனுடையது.

திருடனையும் உரியவரையும் இச்செயலி நிர்வாகிக்குப் பிரித்துக் காட்டுவதில்லை என்பதே நான் மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம். கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, உரியவர் மீண்டபின் திறந்துவிடும் வழி நிர்வாகியிடம் இல்லை. நீக்குவது, பிறகு சேர்ப்பது என்ற இரண்டே உண்டு. அண்ணன் கரைக்கு வந்து, போலிச் செயலியை நீக்கி, குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்க எண்ணை இட்டதுமே திருடன் வெளியேற்றப்பட்டான். ஆனால் அவன் இரு படிச் சரிபார்ப்புக்கான, அதாவது குறுஞ்செய்தி எண்ணுக்கு மேல் கூடுதலாகக் கேட்கப்படும், பின் (PIN) எண் ஒன்றை அமைத்திருந்ததால், விதிப்படி 7 நாள் காத்திருந்தே இவரால் உள்ளே வர முடிந்தது. அந்த ஒரு வாரமும் மதினியின் எண்ணுக்குத்தான் காற்று எச்சரிக்கை போயிற்று. புதிய உறுப்பினரை நிர்வாகி ஒப்புக்கொண்ட பின்பே சேர்க்கும் அமைப்பையும் இப்போது இயக்கி வைத்திருக்கிறோம். இது என் புது எண் என்று யார் வந்தாலும், குரலைக் கேட்ட பிறகே சேர்க்கிறோம்.

அந்தப் பின் எண்ணை முன்பே உரியவர் அமைத்திருந்தால், குறுஞ்செய்தியைத் திருடியவனால் அதைக் கொண்டு மட்டும் உள்ளே நுழைந்திருக்க முடியாது. எனவே படகுகள் ஓய்ந்திருக்கும் நாள்களில் இறங்குதளத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அதை அமைத்துக் கொடுத்து வருகிறோம். மறந்தால் மீட்க மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. பெரியவர்கள் பலரிடம் அது இல்லாததால் பிள்ளைகளுடையதைத் தருகிறார்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பாதிப் பேர் முன்னால் சுழியங்களைச் சேர்த்துப் படகின் பதிவு எண்ணையே சொல்கிறார்கள். அது படகின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறதே அண்ணே என்று சொல்லி, வேறு எண் கேட்க வேண்டியிருக்கிறது.